அம்மன் உண்டியலில் என் பதினைந்து வெள்ளி

ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் இருக்கும் அம்மனிடம் என்னுடைய பணம் பதினைந்து வெள்ளி இருக்கிறது. பக்தி இல்லாமல் இதைச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிறேன், விளக்கேற்றுகிறேன், திருநீறு பூசிக்கொள்கிறேன். ஆனால் கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தப் பதினைந்து வெள்ளி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. இப்போது சுங்கை சோவில் வீடு, ரவாங்கில் அலுவலக வேலை, மாதம் முடிந்தால் தவறாமல் சம்பளம் என்று நன்றாகத்தான் இருக்கிறேன். போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். என் கணவரும் அதையேதான் சொல்கிறார். அவருக்கென்ன, அவருடைய காசா போனது?

அப்போது எனக்குப் பத்து வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரியை ஓட்டினார். அம்மா ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்தார். இருட்டு விலகும் முன்பே கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அண்ணன் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டு சம்பளம் வருகிற வீடுதானே என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். மோட்டார் சைக்கிள் தவணை, மின்சாரம், அரிசி, அண்ணனின் பள்ளி பஸ், ஊரிலுள்ள கல்யாணங்களுக்கெல்லாம் மொய் என்று அந்த இரண்டு சம்பளமும் போய்விடும். மூன்றாம் வாரம் வந்தால் வீட்டில் எல்லோரும் நெத்திலிதான் தின்போம்.

அதைவிடக் கொடுமை, எங்கள் வீட்டில் யாரும் எதையும் முழுதாகத் தின்றதில்லை. வாரம் ஒருநாள் ஈஜோக்கில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை போடுவார்கள். அம்மா அங்கே முட்டை சுற்றிய பர்கர் ஒன்று வாங்குவார். ஒன்றே ஒன்று. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பலகையில் வைத்து நான்காக வெட்டுவார். எனக்கு வருகிற கால் துண்டில் ரொட்டியும் முட்டைக்கோஸும் இருக்கும். இறைச்சி எப்படியோ அண்ணன் பக்கமாகவே சரிந்திருக்கும். அம்மா தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. தன் கால் துண்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும்விட மெதுவாகத் தின்பார். ஐஸ்கிரீம் என்றாலும் நான்கு பங்கு, ஆப்பிள் என்றாலும் நான்கு பங்கு. பிறந்ததிலிருந்து கால் கால் துண்டாகவே தின்று வளர்ந்தவள் நான்.

இந்த நிலையில்தான் பள்ளியில் சுற்றுலா அறிவித்தார்கள். கோலாலம்பூரில் மிருகக்காட்சி சாலை, அது முடிந்து திரும்பும் வழியில் பொரித்த கோழி விற்கும் பெரிய கடை ஒன்றில் பஸ் நிற்கும். "வேணும்கிறவங்க வாங்கிச் சாப்பிடலாம். வேணாங்கிறவங்க வீட்டிலேருந்து கட்டிக்கிட்டு வரலாம்," என்றார் டீச்சர். இன்றுவரை அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். வகுப்பில் இருந்த இருபத்தொரு பேரில் பொரித்த கோழி வேண்டாம் என்கிறவர் யார்? காசு இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் என்று நேராகச் சொல்லியிருந்தால் என்ன?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். அவள் அந்தக் கடைக்கு மூன்று முறை போயிருக்கிறாள். ஒரு செட் வாங்கினால் இரண்டு துண்டுக் கோழி வரும், மசித்த உருளைக்கிழங்கு வரும், அதன்மேல் குழம்பு வரும், குளிர்பானம் வரும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். "அது முழுக்க ஒரு ஆளுக்கா?" என்று கேட்டேன். "ஆமாலா, ஒரு ஆளுக்குத்தான்," என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். செட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளியும் சில்லறையும். கடைசியில் கோன் ஐஸ்கிரீம் சேர்த்தால் பதினைந்துக்குள் அடங்கிவிடும். அன்று பள்ளி விட்டு வீடு வருவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். இரண்டு துண்டுக் கோழியையும் நானே, யாருக்கும் வெட்டிக் கொடுக்காமல், முழுதாகத் தின்பது.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "பஸ் காசு கட்டுனதே பெருசு. நாசி லெமாக் கட்டித் தரேன், போதும்லா," என்றார். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும். அத்தோடு பேச்சு முடிந்தது.

சுற்றுலாவுக்கு இரண்டரை மாதம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் எண்பது காசு கொடுப்பார்கள். அதில் முப்பது காசைத் தின்னாமல் பிடித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தை ஒட்டியிருந்த நாங்கள் பக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரின் செம்பனைத் துண்டு நிலத்துக்குப் போய், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கினேன். ஒரு வாளிக்கு ஐம்பது காசு. முள் குத்தி விரலெல்லாம் எரியும். பாம்பு இருக்குமோ என்ற பயம் வேறு. கேண்டீனில் மற்றவர்கள் மாவில் மடித்துப் பொரித்த கறிபப் தின்கிறபோது நான் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த காசு என்ன ஆயிற்று என்பதைக் கேளுங்கள்.

முதலில் கணிதப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்தேன். அண்ணன் எடுத்து அவனுடைய கைப்பேசிக்கு டாப்-அப் போட்டுக்கொண்டான். அவன் தன் வாழ்நாளில் ஒரு கணிதப் புத்தகத்தைத் திறந்தது அந்த ஒரு முறைதான். கேட்டதற்கு, "டுயிட் சும்மாத்தானே கெடந்துச்சு, அப்புறம் தரேன்லா," என்றான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அடுத்து தலையணை உறைக்குள் வைத்தேன். அப்பாவுக்கு மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றக் காசு தேவைப்பட்டது. தலையணையைத் தட்டியதும் அது கலகலத்துவிட்டது. மூன்றாவதாக, பின்பக்கம் துளசித் தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். மாதக் கடைசியில் அம்மா அதைக் கண்டெடுத்து ரொட்டியும் முட்டையும் வாங்கிவிட்டார். அந்த முட்டையில் எனக்குப் பாதிதான் கிடைத்தது. நான் அழுது கத்தியபோது மூவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள். வீட்டுக்குத்தானே செலவாச்சு, என்ன இப்ப?

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடினோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் காசு என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அவர்கள் மூளையில் ஏறவில்லை.

அந்த வீட்டில் யாரும் தொடாத காசு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. சாமி மேடையில், மஞ்சள் துணி சுற்றி, மூடியில் ஓட்டை போட்ட பால் மாவு டின். முந்தின வருடம் அப்பா லோரியிலிருந்து தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் மறுபடி நடந்தால் ஒரு வருடம் தினமும் டின்னில் சில்லறை போட்டு, ஆடித் திருவிழாவில் பால்குடம் எடுத்து, டின்னையும் அம்மனிடம் சேர்ப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். கால் சரியாயிற்று. அன்றிலிருந்து அந்த டின்னில் காசு விழாத நாள் இல்லை. எண்ணெய் இல்லாமல் மோட்டாரை மூன்று கல் தள்ளிக்கொண்டு போன அப்பா, அந்த டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார். அண்ணனோ அது இருந்த பக்கம் முழங்கையைக்கூட நீட்டமாட்டான். போட்டதை எடுத்தால் கண் போய்விடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே நான் அம்மனிடம் நேரடியாகப் பேசினேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், கை கால் கழுவிவிட்டு, மேடை முன்னால் நின்று சொன்னேன். "அம்மா, இது ஒனக்கு இல்ல. இது என்னோடது. சுற்றுலா வரைக்கும் வெச்சிரு, நான் வந்து எடுத்துக்கிறேன்." எந்தக் குழப்பமும் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடும் செய்தேன். வீட்டில் எல்லோரும் போடுவது சில்லறை. நான் சில்லறையே போடமாட்டேன். சேர்ந்த காசை ஈஜோக் மினிமார்க்கெட்டில் கொடுத்து, ஒரு வெள்ளி நீலத் தாளாக மாற்றி, சின்னதாகச் சுருட்டி உள்ளே தள்ளுவேன். சில்லறை அம்மனுக்கு, தாள் எனக்கு. இதைவிட நேர்மையாக ஒரு பத்து வயதுப் பெண் நடந்துகொள்ள முடியுமா? டின்னைக் கவிழ்த்து, அம்மாவின் கொண்டை ஊசியை ஓட்டையில் விட்டு ஒரு தாளை இழுத்தும் பார்த்தேன். வந்தது. அம்மனுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினைந்தாவது தாளை உள்ளே தள்ளிய அன்று, சுற்றுலாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. சுற்றுலா சனிக்கிழமை. பால்குடம் அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டின்னைப் பால்குடத்தன்று ஊர்வலத்தில் எடுத்துப்போய்க் கொடுப்பதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தாள்களை எடுத்துக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமை அம்மன் தன் சில்லறையை எடுத்துக்கொள்வாள். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆனால் அந்த வருடம் கோயிலுக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியே தீருவது என்று கிளம்பியவர். திருவிழா நாளில் டின்களைத் திறந்தால் கூட்டம் நெருக்குகிறது, ஆகவே அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காப்புக்கட்டு அன்றே எல்லோரும் டின்னைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை காலைதான் ஒலிபெருக்கியில் அறிவித்தாராம். அம்மா வேலையில். நான் பள்ளியில். அப்பாவுக்கு அன்று லோரி பழுது, வீட்டில் இருந்தார். தன் சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ளத் தெரியாத மனிதர், சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்று கேட்டால் முழிக்கிறவர், அன்றைக்குப் பார்த்துக் குளித்து, திருநீறு பூசி, டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார்.

பள்ளி விட்டு வந்து மேடையைப் பார்த்தேன். டின் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தூசி இல்லாத தடம். அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னான். கோயிலுக்கு ஓடினேன். டின்களையெல்லாம் அலுவலக அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாயங்காலம் பூசைக்கு அப்புறம்தான் திறப்பார்களாம். பூசாரியிடம் என்னவென்று சொல்வது? வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லி எப்படியாவது மீட்டுவிடலாம், அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "அம்மா, சாமி டின்ன அப்பா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு, இன்னைக்கே தொறக்கப் போறாங்களாம்," என்றேன். மற்றதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பிவிட்டார். தோளில் சாப்பாட்டுப் பை, காலில் கம்பெனி ரப்பர் செருப்பு, தலையில் வலைத்தொப்பிகூட அப்படியே. முதலில் வேகமாக நடந்தார். லயத்துக் கடைசி வீட்டைத் தாண்டியதும் ஓடினார். என் அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா ஏதாவது முறை தவறிச் செய்துவிடுவார் என்று பயந்துதான் அம்மா இப்படிப் பறக்கிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் போனபோது பூசை முடிந்திருந்தது. மண்டபத்தில் பாயை விரித்து, நடுவில் பெரிய தட்டு வைத்து, தலைவர் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருந்தார். எல்லோர் முன்னாலும் டின்னைத் திறந்து தட்டில் கொட்டுவது, யார் வீட்டு டின் என்று ஊருக்குச் சொல்வது. கோயில் காசை யாரோ தின்றுவிட்டார்கள் என்று பேச்சு வரக்கூடாதாம். தட்டுக்குப் பக்கத்தில் அப்பா மடியில் எங்கள் டின்னோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் இருங்க," என்று அம்மா வாசலிலிருந்தே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "அதுக்குத் துணி மாத்தணும். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மாத்திட்டு ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்."

"துணியில என்னம்மா இருக்கு? அம்மன் மனசத்தான் பாப்பா," என்று தலைவர் ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார். அப்பா பெருமையோடு டின்னை அவரிடம் நீட்டினார். மூடியை நெம்பிக் கழற்றித் தட்டில் கவிழ்த்தார்கள்.

முதலில் சில்லறை கொட்டியது. அதன்மேல் என் நீலத் தாள்கள், நான் சுருட்டிய சுருட்டு கலையாமல், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கடைசியில் டின்னின் அடியைத் தட்டியபோது இன்னொன்று விழுந்தது. கிளினிக்கில் மருந்து போட்டுத் தருகிற சின்ன பிளாஸ்டிக் பை. அதற்குள் எட்டாக மடித்த பத்து வெள்ளிச் சிவப்புத் தாள்கள், ஐந்து. அதை நான் பார்த்ததே இல்லை.

"அடேயப்பா!" என்றார் தலைவர். "லோரிக்கார அண்ணன் வீட்டுல அம்மனுக்குத் தாளாவே போட்டிருக்காங்க! மத்தவங்களும் பாத்துக்கணும்." பெண்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். தலைவர் கையை நீட்டி என் நீலத் தாள்களை வாரினார். எனக்குக் கண்முன்னால் இரண்டு துண்டுக் கோழியும் மசித்த கிழங்கும் போவது தெரிந்தது. "அது என் காசு!" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன் போலிருக்கிறது. என் குரல் லயம் முழுக்கக் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

தலைவர் நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. "எது பாப்பா ஒன்னோடது?" என்று கேட்டார்.

"நீலத்தாள் அத்தனையும் என்னோடது. நான் பழம் பொறுக்கிச் சேத்தது. அம்மன்கிட்ட சொல்லிட்டுத்தான் வெச்சேன். செவப்பு யாருதுன்னு எனக்குத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். தலைவர் அம்மாவைப் பார்த்தார். அப்பாவும் அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்தச் சிவப்புத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையின் மேற்பகுதியைப் பிடித்து, சதையைத் திருகிக்கொண்டே, அமைதியாகச் சொன்னார். "சின்னப் புள்ள, ஏதோ பேசுது. எல்லாமே அம்மனுக்குப் போட்டதுதாங்க."

பெற்ற தாய்! கூசாமல், என் உழைப்பையெல்லாம் ஒரே வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார். என் பக்கம் பேச அந்த மண்டபத்தில் ஒரு ஆள் இல்லை. கற்பூரம் காட்டினார்கள். அம்மனைப் பார்த்தேன். அவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. "எனக்குக்கூடத் தெரியாம அம்பது வெள்ளி! எல்லாம் என் காலுக்காக!" என்று அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. "ஆமா, ஒங்க காலுக்காகத்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனார். நியாயம் கேட்க நான் பின்னாலேயே போனேன். அம்மா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் போல என்று முன்னால் போய்ப் பார்த்தால், சிரிக்கிறார். வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

"என் காசு போனது ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"இல்லடி," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒனக்கும் அந்த டின்னுதான் கெடச்சுதா?"

இந்தச் சிரிப்பை நான் பல வருடம் மன்னிக்கவில்லை. அந்த மாதச் சம்பளம் வந்தபோது அப்பா வீட்டுச் செலவுக்கு வழக்கமாகக் கொடுப்பதில் ஐம்பது வெள்ளியைக் குறைத்துக் கொடுத்தார். "ஒனக்குத்தான் மிச்சம் புடிக்கத் தெரியுதே, இதுலயே பாத்துக்க. மோட்டாருக்கு டயர் மாத்தணும்," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். அம்மா நோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் எந்த மாதமும் அந்த ஐம்பது திரும்பி வரவில்லை. நானோ கதவுக்குப் பின்னால் நின்று, நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மற்றவர் காசைத் தூக்கி அம்மனுக்குக் கொடுத்தவருக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்தேன்.

அந்தச் சிவப்புத் தாள்கள் யாருடையவை என்று நான் யோசிக்கவே இல்லை. அப்பாவுடையவை இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அண்ணனிடம் ஐந்து வெள்ளி ஒரு ராத்திரி தங்காது. மிச்சம் ஒரே ஒரு ஆள். கணிதத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்குகிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா விடியுமுன் எழுந்து பஸ் ஏறிச் சம்பாதித்தது அத்தனையும் எனக்கு வீட்டுக் காசாகத்தான் தெரிந்தது. அந்த விஷயத்தில் நானும் அப்பாவும் அண்ணனும் ஒரே கட்சி. இன்று என் சம்பளத்தில் எனக்கென்று நூறு வெள்ளி ஒதுக்கவே நான் யார் யாருக்கோ காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில், அந்தச் சம்பளத்தில், அம்மா எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்து அந்த ஐந்து தாளைச் சேர்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு வருகிற ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. என்மேல் காட்டிக்கொள்ளலாம். மண்டபத்தில் பத்து வயதுக்காரி கத்தலாம், சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். அம்மா கத்த முடியுமா?

சுற்றுலா என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போனேன். புலி தூங்கிக்கொண்டிருந்தது, ஒட்டகச்சிவிங்கி முதுகைத்தான் காட்டியது. திரும்பும் வழியில் பஸ் அந்தக் கடையில் நின்றது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஏழு பேர். எங்களை ஓரத்து மேசையில் உட்காரவைத்தார் டீச்சர். குளிர்சாதனக் காற்றில், எதிரே எல்லோரும் இரண்டு கையாலும் கோழியைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்க, நான் வாழையிலையைப் பிரித்து நாசி லெமாக்கைத் தின்றேன். கிராணி மகள் ஒரு கரண்டி மசித்த கிழங்கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். பங்கு வாங்கித் தின்பதற்காகவா இத்தனை பாடுபட்டேன்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பழி தீர்த்தேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். யார் யார் என்னென்ன வாங்கினார்கள், கோழியின் தோல் எப்படி மொறுமொறுத்தது, குழம்பு எப்படி வழிந்தது, நான் மட்டும் எப்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு உறைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் அரிசி களைவதை நிறுத்திவிட்டு, கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏர்கோன் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தார்கள் என்றேன். "கோழித் துண்டு எவ்ளோ பெருசு இருக்கும்?" கையை விரித்துக் காட்டினேன். "நாமளே போய்ச் சொல்லணுமா, இல்ல வந்து கேப்பாங்களா?" வரிசையில் நின்று சொல்ல வேண்டும் என்றேன். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அப்பா முன்னறையில் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏண்டி, ஒரு பொம்பள ஆளு தனியா போனா, உக்கார விடுவாங்களா?"

"அங்க போய் யாரும் தனியா உக்காந்து திம்பாங்களா? எல்லாரும் குடும்பத்தோடதான் வந்திருந்தாங்க. பைத்தியம் மாதிரி கேக்கிறீங்க," என்றேன்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு, அம்மா மறுபடியும் அரிசியில் கை வைத்தார்.